முதலில் தூக்க வேண்டியது வண்டியை அல்ல

"முதல்ல வண்டியத் தூக்கு, மத்ததெல்லாம் அப்புறம்." பிக்கப் வாங்கிக் காடு மலை சுற்றி முகாம் போட ஆசைப்படும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் முதல் உபதேசம் இது. 2016இல் இசுசு வி-கிராஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்த பிறகும் அதே பாட்டுதான். இதை நம்பிக் கையிருப்பையெல்லாம் லிஃப்ட் கிட்டில் கொட்டிவிட்டு, நல்ல டயர் வாங்கக் காசில்லாமல் நின்றவர்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உபதேசம் செய்பவர்கள் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"தூக்கினால் அடியில் இடைவெளி கூடும்." இந்த வாதத்தின் ஆணிவேர் இதுதான், அழுகியிருப்பதும் இதுதான். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுக்கும் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு. அதன் நடுவே தொங்குகிறது டிஃபரன்ஷியல். பின்பக்கம் கல்லில் முதலில் இடிபடுவது அதுதான். லிஃப்ட் கிட் போட்டால் உயர்வது, ஸ்பிரிங் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சேசிஸும் பாடியும். அச்சோ சக்கரத்தோடு பிணைந்தது. 2 அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட ஏறாது. நம்பாதவர்கள் கிட் போடுவதற்கு முன்பும் பின்பும் வண்டிக்கு அடியில் படுத்து டேப் பிடித்துப் பார்க்கட்டும். அச்சை உயர்த்த நம் கைக்கு எட்டும் வழி டயர்தான்: விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் ஏறும். தூக்கியதால் வரும் கேடுகளையும் சொல்ல வேண்டும். முன் சக்கரங்களைச் சுழற்றும் சி.வி. ஜாயின்ட்டுகள் கூடுதல் சாய்வில் ஓடிச் சீக்கிரம் தேய்கின்றன. எடைமையம் மேலேறுவதால், சரிவான பாதையில் வண்டி கவிழும் ஆபத்து கூடுகிறது.

"உயரம் இருந்தால் மணலில் சிக்காது." ஜெய்சல்மேர் அருகே சாம் மணல்மேட்டில், தூக்கிய வண்டி ஒன்று பின் சக்கரங்கள் பாதி புதைந்து நின்றது. நாலு பேர் தள்ளினோம். சக்கரம் சுழலச் சுழல மணல் முகத்தில் அடித்தது. வண்டி இன்னும் இறங்கியது. கடைசியில் டயர்களில் காற்றை 32இலிருந்து 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். டயர் அமுங்கி, மணலைத் தொடும் அதன் அடி நீண்டது. சக்கரத்துக்கு முன்னால் குவிந்திருந்த மணலைக் கையால் ஒதுக்கினோம். வண்டி மெல்ல ஏறி வந்துவிட்டது. பைசா செலவில்லை.

"முன்பக்கம் மாட்டும் புல் பார் பாதுகாப்பு." அப்படியானால், அனுமதியில்லாத புல் பார்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு ஏன் எழுதியது?

"சிக்கினால் இழுக்கத்தான் பின்னால் டோ பால் இருக்கிறதே." அது டிரெய்லர் மாட்டுவதற்கு. புதைந்த வண்டியை அதில் கயிறு கட்டி இழுத்தால், முறிந்து குண்டாய்ப் பாயலாம். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

"கனத்த ஸ்பிரிங் போட்டால் எவ்வளவும் ஏற்றலாம்." ஸ்பிரிங் மாறினாலும் பிரேக், அச்சு, பேரிங், சேசிஸ் பழையவைதான், கம்பெனி குறித்த மொத்த எடை வரம்பு மாறாது. கணக்குப் போடுங்கள்: கூரைக் கூடாரம் 60 கிலோ, 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, 20 லிட்டர் டீசல் 17 கிலோ, நாலு பேர் 280 கிலோ. அடுப்பும் அரிசியும் ஏறும் முன்பே 397 கிலோ!

முதல் பணம் நல்ல டயருக்கும், காற்றடிக்கும் கம்ப்ரசருக்கும், சேசிஸில் உறுதியாகப் பொருத்திய இழுவைக் கொக்கிக்கும் போகட்டும். லிஃப்ட் கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து எடைமேடைக்குப் போய் வண்டியை நிறுத்துங்கள். அங்கே தரும் சீட்டில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.