கதவடைத்துப் பேச ஓர் அறை



தென்னேரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிடுகிறேன். வாலாஜாபாத் போகும் வழியில் அவர் ஏறியிருந்த ஷேர் ஆட்டோவை லாரி இடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தவர் கண்ணெதிரே உயிரை விட்டார். இவருக்குக் கை எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, கூடியும்விட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் இன்னும் உடம்பு வெலவெலத்துப் போகிறதாம். விடியற்காலையில் விழிப்பு வந்தால் டயர் கருகிய நாற்றம் மூக்கில் ஏறுகிறதாம். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மளிகைக் கடைக்குக்கூடப் பிள்ளையைத்தான் அனுப்புகிறார்.

மாமியார் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், "ஆன்லைன்லயே கவுன்சலிங் இருக்கும்மா, நீ வீட்டை விட்டே வர வேணாம்" என்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், "காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு நேரா போய்ப் பாத்துடுங்கக்கா" என்கிறார். "ரெண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. எது சரின்னு நீங்க சொல்லுங்க" என்று கடிதம் முடிகிறது.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் நம் காஞ்சிபுரம். 2021-இல் உத்திரமேரூர் அருகே மதூர் கல்குவாரியில் மண் சரிந்தது. 2023 மார்ச்சில் குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்தது. செய்தியில் வராத விபத்துகளும், வீட்டுக்குள்ளேயே நடந்து வெளியில் சொல்லப்படாத கொடுமைகளும் எத்தனையோ. அதனால் இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சகோதரி. உங்களுக்கு இருப்பது கோழைத்தனமோ கிறுக்கோ இல்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போருக்கு நடுவே இருந்துகொண்டு தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். அதே வடுதான் உங்களுக்கும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் யாருக்கும் வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கியும் விடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல், அன்றாட வாழ்க்கையை முடக்கினால் சிகிச்சை வேண்டும். தாயத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மாமியாரின் அக்கறை அதில் இருக்கிறது. அதோடு நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கென்றே நன்றாகச் சோதித்துப் பார்த்த பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் சிந்தனை-நடத்தை சிகிச்சை ஒன்று. கண் அசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இவை இரண்டையும் பரிந்துரைத்தது. எப்படிச் செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: பயந்து ஒதுக்கி வைத்த அந்த நாளைத் துணையோடு, அளவாக, மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பது. தென்னேரிக்காரர்களுக்கு மதகைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஏரி நிறைந்திருக்கும்போது எவ்வளவு திறப்பது என்று தெரிந்தவர்தான் மதகில் கை வைக்க வேண்டும். நினைவைத் திறப்பதும் அப்படித்தான். இந்தச் சிகிச்சைகளில் சாதாரணமாக 8 முதல் 15 அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும்.

சரி, இதை நேரில் செய்வதா, திரை வழியாகவா?

மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு இதே வகைச் சிகிச்சையை வீட்டில் வீடியோ வழியாகவும் மருத்துவமனையில் நேரிலும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீடியோ வழியில் பலன் குறையவில்லை. பிரிட்டனில் 196 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு இணையத்தில் படிப்படியாகச் செய்த பயிற்சி, நேரில் நடத்திய சிகிச்சைக்கு ஈடாகவே வந்தது. அவர்கள் அனைவரும் ஒரே ஒரு சம்பவத்தால் பாதிக்கப்பட்டவர்கள், பாதிப்பும் லேசானது முதல் மிதமானது வரைதான். உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுதான். கண் அசைவு சிகிச்சையைக்கூடத் திரை வழியாகச் செய்கிறார்கள். கண் அசைவுக்குப் பதிலாக, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, தன் தோள்களைத் தானே மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மெக்சிகோவில் அக்கபுல்கோ நகரத்தைப் புயல் தாக்கிய பிறகு அங்கே குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் உருவாக்கியது அது.

ஆனாலும் மகன் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்துகிறது. "வீட்டை விட்டே வர வேணாம்." மனவடுவின் பிடி இருப்பதே அங்கேதான். சாலையைத் தவிர்க்கிறோம், மனசு கொஞ்சம் ஆறுகிறது. ஆறுகிறதே என்று இன்னும் தவிர்க்கிறோம். முதலில் அந்தச் சாலை, பிறகு எல்லாச் சாலையும், பிறகு வாசற்படி. வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் ஆன்லைன் சிகிச்சை இந்தத் தவிர்ப்புக்குத் தெரியாமலே துணை போய்விடலாம். காஞ்சிபுரம் போக வேண்டுமென்றால் நீங்கள் வாலாஜாபாத் சாலையில்தான் போக வேண்டும். விபத்து நடந்த அதே இடத்தைக் கடக்க வேண்டும். இன்றைக்கு அது உங்களால் முடியாது. ஆனால் ஒருநாள் முடிய வேண்டும். நல்ல சிகிச்சையாளர் அந்தப் பயணத்தையே சிகிச்சையின் ஒரு பகுதியாக்குவார். முதல் வாரம் வாசலில் நின்று லாரி போவதைப் பார்ப்பது, அடுத்து யாராவது கூட வர மளிகைக் கடை வரை, பிறகு பஸ்ஸில் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு முறையும் பயம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்ளும் வரை அங்கேயே நிற்க வேண்டும். சிகிச்சையாளரோடு போனில் பேசியபடியேகூட இதைச் செய்யலாம்.

நர்ஸ் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சிரமமும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு உண்டு, மனநல மருத்துவர் உண்டு, மருந்து இலவசம். ஆனால் வெளிநோயாளிகள் வரிசையில் மருத்துவர் உங்களுக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள்தான். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை கிடைக்கும். வாரா வாரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. 2019-இல் மாவட்டம் பிரிந்ததில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. போகத் தடையில்லை, தூரம்தான். வாரா வாரம் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸுக்கு நிற்கும்போது "எங்கக்கா கெளம்பிட்ட?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு பதில் சொல்ல வேண்டும். தனியாரிடம் ஆன்லைனில் பேசினாலும் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் நேரில்தான் போக வேண்டும் என்று நான் சொன்னால் அது அநியாயம்.

ஆகவே என் யோசனை இது. பேச்சைப் போனிலோ வீடியோவிலோ தொடங்குங்கள். தொடங்கும்போதே, சில அமர்வுகள் கழித்து ஒன்றையாவது நேரில் வந்து பார்ப்பேன் என்று சிகிச்சையாளரோடு பேசி வையுங்கள். எந்த வாரம் என்பதை அவரும் நீங்களும் முடிவு செய்யுங்கள். மகனோ நர்ஸோ நானோ முடிவு செய்யக் கூடாது. உங்களைக் கேட்காமல் நடந்த ஒன்றால் வந்த காயம் இது. ஆற்றும் விஷயத்திலாவது முழு உரிமை உங்கள் கையில் இருக்கட்டும்.

இந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு எங்கோ போய், இருக்கும் இடம் மறந்து விறைத்துப் போகிறவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள், குடியை நிறுத்த முடியாதவர்கள், சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கொடுமைக்கு ஆளானவர்கள் நேரில்தான் தொடங்க வேண்டும். திரையில் முகம் மட்டும்தான் தெரியும். கால் நடுங்குவதும் விரல் நகம் உள்ளங்கையில் பதிவதும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

கொடுமை செய்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், வீட்டிலிருந்து போனில் சிகிச்சை வேண்டவே வேண்டாம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசனையும் சட்ட உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், கேட்டவர் மருத்துவரானாலும் ஆலோசகரானாலும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஆன்லைனில் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிற காலம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். "இப்போ எந்த இடத்துல இருந்து பேசறீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்று ஆரம்பத்திலேயே கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் அவர் தொழில் தெரிந்தவர். மூன்று நாளில் பயத்தை விரட்டுவதாக விளம்பரம் செய்கிறவரை விட்டு விலகுங்கள்.

இனி, எனக்கு இதில் மிக முக்கியமாகப் படும் ஒன்று. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம், சுனாமிக்குப் பிறகு தொலைவழி மனநல சிகிச்சையில் இறங்கியது. 2010 முதல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஓர் அறை, ஒரு திரை, திரையில் சென்னை மருத்துவர். மருந்தும் அந்தப் பஸ்ஸிலேயே. அது பெரும்பாலும் மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கானது. ஆனாலும் நம் கேள்விக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. மருத்துவர் தூரத்தில் இருந்தார், பேசுவதற்கான அறை ஊருக்கே வந்தது. வீடு தேடிப் போய் "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்க உள்ளூர்ப் பணியாளர்களும் இருந்தார்கள்.

தென்னேரியில் வீடியோவில் பேசப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரே கூடம், அதில் டிவி, திண்ணையில் மாமனார். போன் வீட்டுக்காரருடையது. சமையலறையில் அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தால் சிக்னல் போய்விடுகிறது; மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறார்கள். இறந்தவரின் கடைசி நிமிடத்தை அவர் எங்கே உட்கார்ந்து சொல்லுவார்? நேரிலா ஆன்லைனிலா என்று ஆராய்வதற்கு முன்னால், கதவடைத்துப் பேச அவருக்கு ஓர் இடம் இருக்கிறதா என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைவழி மருத்துவச் சேவை வழியாக மருத்துவர்களோடு பேச வைக்கிறார்கள். அங்கேயோ, மகளிர் குழுக் கட்டடத்திலோ, நூலகத்திலோ வாரத்தில் ஒரு மணி நேரம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை கிடைத்தால் போதும். அவரவர் போனிலேயே பேசிக்கொள்வார்கள். நம் வாசகர்களில் தலைமையாசிரியர்கள், நர்ஸ்கள், குழுத் தலைவிகள், ஊராட்சி உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் அப்படி ஓர் அறை உண்டா, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். வரும் இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுவோம்.

அதுவரை, சகோதரி, 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம். முழுச் சிகிச்சையும் அதிலேயே முடிந்துவிடாது. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், பக்கத்தில் எங்கே போகலாம் என்று வழி சொல்வார். விடியற்காலையில் அந்த நாற்றம் வந்து எழுப்பும் நேரத்திலும் அங்கே போனை எடுப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்