எடையை முன்கூட்டிச் சொல்லட்டும்!

கண்ணில் படாத ஒரு பொருளின் எடையை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். சொல்லியும் காட்டி இருக்கிறார்கள்.

ஒமேகா-மைனஸ் என்று ஒரு துகள். அணுவை விட மிகச் சிறியது. அப்படி ஒன்று இருக்க வேண்டும், அதன் எடை இவ்வளவு என்று 1962-ம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொன்னார், அமெரிக்க விஞ்ஞானி கெல்மான். 1964-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தில் அது அகப்பட்டது. எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட வித்தியாசம் இல்லை.

இதுவல்லவோ விஞ்ஞானம்!

ஆனால், "கண்ணுக்குத் தெரியாத திசைகள் உலகில் உண்டு" என்று சொல்லும் விஞ்ஞானிகள் இந்தப் பரீட்சையில் இன்னும் தேறவில்லை.

ஐந்தாவது திசை

நீளம், அகலம், உயரம் ஆகியவை மூன்று. காலத்தையும் சேர்த்தால் நான்கு. ஐந்தாவதாக ஒன்று இருக்கலாம் என்று 1919-ல் ஐன்ஸ்டீனுக்கு எழுதினார், காலூசா என்ற ஜெர்மன் கணித ஆசிரியர். ஐன்ஸ்டீன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யோசித்தார். 1921-ல்தான் கட்டுரை வெளிவந்தது.

அந்தத் திசை எங்கே? ஏன் தெரியவில்லை?

1926-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி கிளைன் பதில் சொன்னார். தாம்புக்கயிறு தூரத்தில் வெறும் கோடாகத் தெரிகிறது. கயிற்றைச் சுற்றி வரவும் வழி உண்டு என்பது அதில் ஊரும் எறும்புக்குத்தான் தெரியும். அதுபோல ஐந்தாவது திசையும் மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது என்றார்.

அந்த வட்டத்தில் ஒரு துகள் சுற்றினால், அந்தச் சுற்று நமக்கு எடையாகத் தெரியும். வீணையில் தந்தியின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறுகிறது அல்லவா? அப்படியே, வட்டம் சுருங்கச் சுருங்க எடை ஏறும்.

மின்சாரத் துகளான எலெக்ட்ரானுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் என்ன வருகிறது? நுண்மணல் ஒன்றின் எடை வருகிறது! உண்மையான எடையைப் போல் கோடி கோடி கோடி மடங்குக்கும் மேல்!

கணக்கு தோற்றது. ஆனாலும் கிளைன் பாராட்டுக்கு உரியவர். சரியா தப்பா என்று பார்க்க ஓர் அளவைக் கொடுத்தார்.

நழுவும் எண்

1998-ல் வேறு சிலர், அந்த வட்டம் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டியதில்லை என்றார்கள். அப்படியானால் புதிய துகள்கள் எந்திரத்தில் சிக்கலாம்.

எந்திரமும் வந்தது. சுவிட்சர்லாந்து-பிரான்சு எல்லையில், பூமிக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவு. 2008-ல் ஓடத் தொடங்கியது. 2012-ல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. ஐந்தாவது திசையின் துகள் ஒன்று கூட இதுவரை கிடைக்கவில்லை.

கேட்டால், "எடை இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கும்" என்கிறார்கள். அங்கும் இல்லாவிட்டால்? இன்னும் சற்றுக் கூடுதல்! கல்யாணத்துக்கு ஜோசியர் கூட ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்.

வட்டத்தின் அளவைக் கொள்கை நிர்ணயிக்கவில்லை, ஆகவே எடையையும் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். குறையே அதுதானே? தேடுவது தவறில்லை. எண்ணை எழுதி வைத்துவிட்டுத் தேடட்டும்.

எலெக்ட்ரானைப் போலவே மியூவான் என்று ஒரு துகள் உண்டு. 1936-ல் கண்டுபிடித்தார்கள். அதன் எடை எலெக்ட்ரானைப் போல் 207 மடங்கு. ஏன் 207? அளந்துதான் தெரிந்துகொண்டார்கள். கணக்குப் போட்டு அந்த எண்ணைச் சொன்னவர் இன்றுவரை எவரும் இல்லை.