திருச்சி – சிங்கப்பூர் நாலு மணி நேரமா?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்னு செல்போன்ல தட்டிப் பாருங்க. சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம்னு வரும். எங்க ஆலங்குடி பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் அங்க வேலைக்குப் போனவர். அதனால இந்தக் கணக்கு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மெட்ராஸ் போறதைவிட சிங்கப்பூர் கிட்டக்க"ன்னு டீக்கடையில பெருமையாச் சொல்லுவாங்க.

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. அங்க கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுது. ராத்திரி எட்டுக்கு அங்க ஏறினவன் ஒன்பதரைக்கு இங்க இறங்கிடறான். எங்க பெரியப்பா ஒருத்தர், மொத்தப் பயணமே ஒன்றரை மணி நேரம்னுதான் இன்னைக்கும் நம்பறார். அவரோட அப்பா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி, ஒரு வாரம் கடல்லயே கிடந்து போய்ச் சேர்ந்தவர். அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

எனக்கு இந்த நாலு மணி நேரக் கணக்குல நம்பிக்கை போய் மூணு வருஷம் ஆச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு அம்மா தவறிட்டாங்க. எங்க வகையறாவுல அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்கணும். இளையவன் சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்கான். "நாலு மணி நேரம்தானே, சாயங்காலம் வந்துருவான்"னு எல்லாரும் சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டோம்.

அவனுக்கு லீவு கிடைக்கவே நம்ம நேரம் பதினொரு மணி. திருச்சி விமானத்துல அன்னைக்கு இடமில்லை. மறுநாள் விடியக்காலம் சென்னைக்குத்தான் டிக்கெட் கிடைச்சது, அதுவும் ரெண்டு மடங்கு விலையில. ஒன்பதரைக்குச் சென்னையில இறங்கினான், வெளிய வர ஒரு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார்ல எட்டு மணி நேரம். வீட்டு வாசல்ல அவன் கால் வைக்கும்போது புதன் சாயங்காலம் ஆறரை. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு சண்டை போட்ட பெரியவங்ககூட அவன் முகத்தைப் பார்த்ததும் பேசாம இருந்துட்டாங்க. எமர்ஜென்சி லைட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் காட்டுக்குக் கொண்டுபோனோம்.

மொத்தம் முப்பத்தேழரை மணி நேரம். அதுல வானத்துல பறந்தது நாலு. செல்போன் சொன்னது பொய்யில்லை. ஆனா அது விமானத்துக்கான கணக்கு, மனுஷனுக்கானது இல்ல. லீவு கேட்டு நிக்கிற நேரமும், டிக்கெட் தேடற நேரமும், ரோட்டுல போற நேரமும் அந்தக் கோட்டுல எங்க இருக்கு?

இதை வாசிக்கிற உங்கள்ல பலபேர் வீட்டுப் பிள்ளைங்க இன்னும் தூரத்துல இருப்பாங்க. சென்னையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டர். மேற்க போகும்போது எதிர்காத்து, அதனால போற நேரம் வர்ற நேரத்தைவிடக் கூடுதல். ஊர்ல இருக்கற அப்பா அம்மாகிட்ட "பத்து மணி நேரம்தான், கூப்பிட்டா வந்துருவேன்"னு சொல்லாதீங்க. அவங்க அதை அப்படியே நம்பி உட்கார்ந்திருப்பாங்க. ரெண்டு நாள் ஆகும்னே சொல்லிடுங்க.

தம்பி மகன் இப்ப வெல்டிங் படிச்சிட்டு அவனும் வெளிநாடு போறேங்கறான். எத்தனை மணி நேரம்னு நான் கேக்கல. அவசரம்னா எத்தனை நாள்ல லீவு தருவாங்கன்னுதான் கேட்டேன். விசாரிச்சுச் சொல்றேன்னிருக்கான்.