பறித்த அம்பைத் திரும்பக் கொடுத்தால் ஆட்டம் சமமாகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை அறைகளில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு, ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் சொந்த நேரம். மெஸ்ஸில் தட்டைக் கழுவி வைத்த கையோடு செல்போன் எடுக்கிறார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் இந்தி, ஒருவர் ஒடியா. ஆனால், ஆன்லைன் கேமில் நால்வரும் ஒரே அணி. அங்கே அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. ''நேத்து அப்டேட்ல நம்ம ஸ்கில்ல தூக்கிட்டாங்கடா!''

வீட்டில் பிள்ளைகள் இப்படிப் புலம்பினால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ''விளையாட்டுதானே, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?'' என்பார்கள். ஆனால், அந்தக் கோபத்துக்குப் பின்னால் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்துவிட்டு, 'இப்போது சமமாக மோதுங்கள்' என்று சொல்லலாமா? பறித்தது தவறு என்று தெரிந்த பிறகு, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கிளாஸ் என்றால் என்ன?

இந்த ஆட்டங்களில் 'கிளாஸ்' என்பது பள்ளிக்கூட வகுப்பு அல்ல, வேலைப் பிரிவு. ஒரு தொழிற்சாலையில் வெல்டர், ஃபிட்டர், கிரேன் ஆபரேட்டர் என்று இருப்பதைப்போல, ஆட்டத்தில் வாள்வீரர், மந்திரவாதி, வில்லாளி, காயம் ஆற்றுபவர் என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் சில தனித் திறன்கள். வில்லாளி தூரத்திலிருந்து அடிப்பார். பக்கத்தில் நெருங்கிவிட்டால் திணறுவார். வாள்வீரர் பக்கத்தில் வந்தால் புலி. தூரத்தில் நின்றால் இலக்கு.

கணினியை எதிர்த்து ஆடும்போது ஒருவர் கொஞ்சம் பலசாலியாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதரும் மனிதரும் நேருக்கு நேர் மோதும்போதுதான் சிக்கல். அங்கே ஒருவருக்கு கூடுவது இன்னொருவருக்குக் குறைவது. அதனால்தான் கேம் நிறுவனங்கள் மாதக்கணக்கில் 'பேலன்ஸ்' பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு திறனின் வலுவைக் குறைத்தால் 'நெர்ஃப்', கூட்டினால் 'பஃப்' என்பது ஆட்டக்காரர்களின் பாஷை. குறைப்பதற்குப் பதில் திறனையே நீக்கிவிடுவதும் உண்டு. பெரிய சண்டைகள் கிளம்புவது அப்போதுதான்.

வேட்டைக்காரர் இழந்த அம்பு

இதற்கு உலகறிந்த உதாரணம், 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. ஆண்டுகள் போகப் போக, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதுத் திறன்கள் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் ஒரு கதாபாத்திரத்தை இயக்கவே ஏராளமான பொத்தான்களை நினைவில் வைக்கவேண்டியிருந்தது. புதிதாக வருபவர்கள் திகைத்தார்கள். எனவே 2014-ல் வந்த பதிப்பிலும், 2016-ல் வந்த 'லீஜன்' பதிப்பிலும் நிறுவனம் கத்தரிக்கோலை எடுத்தது. செடியில் கிளை கழிப்பதைப்போல, பல திறன்கள் வெட்டப்பட்டன.

அப்படி 2016-ல் போனதில் ஒன்று, 'ஹண்டர்' என்ற வேட்டைக்காரர் பிரிவின் 'கில் ஷாட்'. எதிரியின் உயிர் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது மட்டும் எய்யக்கூடிய கடைசி அம்பு அது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால், நேருக்கு நேர் மோதலில் அதன் மதிப்பே வேறு. அடிபட்டுத் தள்ளாடும் எதிரியைக் காயம் ஆற்றுபவர் சில விநாடிகளில் எழுப்பி நிறுத்திவிடுவார். அந்தச் சில விநாடிக்குள் முடித்துவைக்க ஓர் அம்பு இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல.

வெட்டியதன் விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. பொத்தான்கள் குறைந்தன, கூடவே ஒவ்வொரு பிரிவின் தனி முகமும் மங்கியது. 'எந்தப் பிரிவை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற புகார் வலுத்தது. பழைய ஆட்டத்தையே மறுபடி தரவேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்து, 2019 ஆகஸ்டில் பழைய பதிப்பைத் தனியாக 'கிளாஸிக்' என்ற பெயரில் நிறுவனமே வெளியிட்டது. அடுத்து, 2020-ல் வந்த 'ஷேடோலேண்ட்ஸ்' பதிப்பில், பறித்த திறன்கள் பல திரும்பி வந்தன. ஹண்டரின் கில் ஷாட்டும் வந்தது. எதிரியின் உயிர் 20 சதவிகிதத்துக்குக் கீழே போனால்தான் எய்ய முடியும் என்ற நிபந்தனையோடு, ஹண்டரின் எல்லா உட்பிரிவுகளுக்கும் அது கிடைத்தது.

அந்த நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எய்யலாம் என்றால் எதிரிக்குத் தப்பிக்க வழியில்லை. உயிர் குறைந்தால் மட்டும்தான் என்றால், எதிரிக்கும் ஒரு வேலை இருக்கிறது: அந்தக் கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. அம்பு வைத்திருப்பவருக்கும் யோசிக்க ஏதோ இருக்கிறது, அம்புக்குத் தப்புபவருக்கும் இருக்கிறது. நல்ல திறனுக்கு அடையாளம் இதுதான்.

கிரிக்கெட்டிலும் இதே கதை

கேம் பக்கமே போகாதவர்கள் டிவியைப் போட்டால் போதும்; இதே கதை கிரிக்கெட்டில் நடந்திருக்கிறது.

ஒருநாள் போட்டியில் பேட்ஸ்மேன் ஒரு கிளாஸ், பௌலர் ஒரு கிளாஸ் என்று வைத்துக்கொண்டால், வேகப்பந்து வீச்சாளரின் கடைசி அம்பு 'ரிவர்ஸ் ஸ்விங்'. பந்து பழசாகி, ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் பளபளப்பாகவும் மாறிய பிறகுதான் அது வேலை செய்யும். 2011 அக்டோபரில் ஐ.சி.சி. ஒரு விதியைக் கொண்டுவந்தது. இன்னிங்ஸின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு புதுப் பந்து. கணக்குப் போட்டால், 50 ஓவர் முடியும்போதுகூட எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாகாது. ரிவர்ஸ் ஸ்விங்கை யாரும் தடை செய்யவில்லை. ஆனால், அது பிறப்பதற்கான சூழலே இல்லாமல் போனது.

விளைவு? ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அந்த விதிக்கு முன் ஒரே ஓர் இரட்டைச் சதம்தான்: 2010 பிப்ரவரியில் குவாலியரில் சச்சின் அடித்தது. அதன் பிறகு 2024 வரை 11 இரட்டைச் சதங்கள். 2018 ஜூனில் நாட்டிங்ஹாமில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து 481 ரன் குவித்தது. அந்தச் சமயத்தில், ரன் குவிப்பில் பெயர் வாங்கிய சச்சினே இரண்டு புதுப் பந்து விதியை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதற்கெல்லாம் பந்து மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. தடிமனான பேட், ஃபீல்டிங் கட்டுப்பாடுகள், டி20 பழக்கம் என்று பல காரணங்கள் சேர்ந்தன. பேலன்ஸ் பார்ப்பவர்களின் தலைவலியும் இதுதான். தராசு சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். எந்தக் கல் சாய்த்தது என்பது தெரியாது.

கடைசியில் 2025 ஜூலையில் ஐ.சி.சி. இறங்கிவந்தது. பழையபடி ஒரே பந்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. முதல் 34 ஓவர்களுக்கு இரண்டு பந்துகள். அதன் பிறகு பந்துவீசும் அணி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மீதி 16 ஓவர்களையும் அதிலேயே வீசவேண்டும். 35-வது ஓவர் தொடங்கும்போது 17 ஓவர் தேய்ந்திருக்கும் பந்து, முடியும்போது 33 ஓவர் பழசாகிவிடும். ஆட்டத்தின் தொடக்கம் மாறவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும், பறிக்கப்பட்ட ஆயுதம் பௌலர் கைக்குத் திரும்ப ஒரு வழி திறந்திருக்கிறது.

கபடி சொல்லும் பாடம்

நம் ஊர் ஆட்டமான கபடி இதை இன்னும் அழகாகச் செய்கிறது. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீகைப் பார்த்தவர்களுக்கு 'சூப்பர் டேக்கிள்' தெரிந்திருக்கும். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் அணி, பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிகள். பாடுபவருக்கும் இதேபோல ஒரு நிபந்தனை உண்டு: எதிரணியில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்க முடியும்.

அதாவது, எதிரில் கூட்டம் அதிகமாக இருக்கும்போது பாடுபவருக்கு ஒரு வழி. ஆள் குறைந்து தவிக்கும்போது பிடிப்பவருக்கு ஒரு வழி. யாருக்கும் நிரந்தர வரம் கிடையாது. தோற்றுக்கொண்டிருப்பவருக்கு ஆட்டத்தில் கடைசி வரை ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஜெயிப்பவருக்கும் கடைசி வரை பயம் இருக்கிறது. அதனால்தான் கடைசி நிமிடம் வரை கூட்டம் எழுந்து போவதில்லை.

திருப்பிக் கொடுப்பதற்கும் முறை உண்டு

ஆக, பறித்த திறனைத் திருப்பிக் கொடுக்கும் முன் பார்க்கவேண்டியவை நான்கு.

முதலாவது, அந்தத் திறன் ஏன் நீக்கப்பட்டது? அது இருந்தபோது எதிரிக்குப் பதில் சொல்லவே வழியில்லாமல் இருந்ததா, இல்லை பொத்தான் அதிகம் என்பதற்காக மட்டும் போனதா? முதல் காரணம் என்றால், அப்படியே திருப்பித் தந்தால் பழைய அநியாயமும் கூடவே திரும்பும்.

இரண்டாவது, நிபந்தனை. 20 சதவிகிதக் கோடு, 35-வது ஓவர், மூன்று பேர் மிச்சம். மூன்று ஆட்டங்களும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: ஆயுதத்தைக் கொடு, ஆனால் எப்போதும் கொடுக்காதே.

மூன்றாவது, வெறும் சராசரியை நம்பாமல் இருப்பது. ஒரு பிரிவு மொத்தத்தில் பாதி ஆட்டங்களில் ஜெயிக்கிறது என்றால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால், கைதேர்ந்தவர்கள் அதில் எப்போதும் ஜெயித்து, புதியவர்கள் எப்போதும் தோற்றாலும் சராசரி பாதியாகவே காட்டக்கூடும். யார், யாரோடு, எந்தக் கட்டத்தில் தோற்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வார்கிராஃப்ட் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ஒரே திறன் கணினியை எதிர்க்கும்போது முழு பலத்திலும், மனிதரை எதிர்க்கும்போது குறைந்த பலத்திலும் வேலை செய்யும்படி எண்களைத் தனித்தனியாக மாற்றுகிறார்கள். ஓர் இடத்தைச் சரிசெய்யப் போய் இன்னோர் இடம் கெடாது.

நான்காவது, காரணத்தைச் சொல்வது. எதை எடுத்தோம், எதைத் திருப்பித் தந்தோம், ஏன் என்று நேர்மையாக எழுதிவிட்டால் ஆட்டக்காரர்களின் கோபத்தில் பாதி குறைந்துவிடும். ஷிப்ட் நேரத்தை மாற்றும் சூப்பர்வைசர் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி எழுதி ஒட்டுவதற்கும் ஒட்டாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பணம் என்ற ஐந்தாவது கல்

இதில் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய செல்போன் ஆட்டங்கள் பல இலவசமாகத்தான் இறங்குகின்றன. காசு கேட்பது பிறகுதான். வெறும் உடை, வண்ணம் என்றால் அது ஆசைக்குச் செலவு. ஆட்டத்தின் முடிவை மாற்றாது. ஆனால், நீக்கிய பலத்தை வேறு பெயரில், வேறு கதாபாத்திரத்தில் காசுக்கு விற்றால், அதற்குப் பேலன்ஸ் என்று பெயர் சொல்ல முடியாது. அது வியாபாரம். சம்பளம் வந்த அன்றே ரீசார்ஜ், வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பிரித்துவைக்கும் இளைஞருக்கு, 'இதை வாங்கினால் ஜெயிக்கலாம்' என்ற விளம்பரம் நெருப்பு மாதிரி. தோற்ற கோபத்தில் இருக்கும்போது வாங்குவதில்லை என்ற ஒரே ஒரு கட்டுப்பாடு பல நூறு ரூபாயை மிச்சப்படுத்தும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் என்ற திறமைப் போட்டிகளுக்கு அங்கீகாரம் தந்தது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். பதக்கமும் பரிசும் வந்துவிட்ட பிறகு, ஒரு திறனை எடுப்பதும் கொடுப்பதும் விளையாட்டுக் காரியமில்லை. மாதக்கணக்கில் ஒரே பிரிவில் பழகிய ஒருவரின் உழைப்பு அதில் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய வாரம் விதியை மாற்றினால், அந்த உழைப்பு வீண்.

எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதல்ல சமநிலை. வெல்டர் கையில் வெல்டிங் டார்ச், ஃபிட்டர் கையில் ஸ்பேனர். இருவருக்கும் ஒரே சுத்தியலைக் கொடுத்துவிட்டு 'சமமாக்கிவிட்டேன்' என்று சொன்னால் வேலை ஓடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பலம், அதற்கு எதிரியிடம் ஒரு பதில். இவ்வளவு இருந்தால் தோற்றவர்கூட 'இன்னொரு ஆட்டம்' என்பார்.

அடுத்த ஒருநாள் போட்டியில் 35-வது ஓவர் வரும்போது, செல்போனில் மூழ்கியிருக்கும் பிள்ளையை டிவி பக்கம் கூப்பிட்டுப் பாருங்கள். 'பௌலருக்குப் பறிச்ச ஸ்கில்லைத் திருப்பிக் குடுத்திருக்காங்க, வேலை செய்யுதா பாரு' என்று சொல்லுங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பாஷையில் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்கும்.