ரவிவர்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ஆண்டு பிறந்தால் பூச்சோங் மளிகைக் கடைகளில் கொடுக்கும் நாள்காட்டியில் தாமரை மேல் நிற்கும் லட்சுமியையோ வீணை மீட்டும் சரஸ்வதியையோ பார்த்திருப்பீர்கள். அந்த முகங்களை நம் வீடுகளுக்குப் பழக்கிவிட்டவர் ராஜா ரவிவர்மா. சாமி படம் வரைந்தவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் பெயரெடுத்தது முதலில் வேறொரு வேலையில். மன்னர்கள், ஆளுநர்கள், நீதிபதிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று வசதி படைத்தவர்களின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்தார்.

"ஓவியம் சோறு போடாது" என்று சொல்லும் பெரியவர்கள் அவருடைய தொழில் வாழ்க்கையைக் கொஞ்சம் படிக்க வேண்டும். 1873இல் சென்னைக் கண்காட்சியில், மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண் ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன் பிறகு சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு, பரோடா மன்னர், மைசூர் அரண்மனை என்று அழைப்புகள் தொடர்ந்தன. கேட்டு வரும் கடிதங்கள் குவிந்ததால் அவருடைய ஊரான கிளிமானூரில் ஓர் அஞ்சல் நிலையமே திறக்க வேண்டியதாயிற்று என்பார்கள். தம்பி ராஜராஜ வர்மா கூடவே பயணம் செய்தார்; படங்களின் பின்னணியை வரைந்ததோடு வேலைகளையும் கவனித்துக்கொண்டார். இன்றைய பேச்சில் சொன்னால் அது ஒரு குடும்ப நிறுவனம். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனைச் சுவரில் மட்டும் தொங்கிய படங்களைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டு போனார். அச்சகம் கடனில் சிக்கி, கடைசியில் ஒரு ஜெர்மானியரிடம் விலைபோனது வேறு கதை.

இதையெல்லாம் சொல்லும்போது "திறமை இருந்தால் தானாக மேலே வரலாம்" என்று முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1848இல் பிறந்த ரவிவர்மா அரச குடும்பத்து உறவுள்ளவர். 14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவர். பையன் நாளை போட்டியாக வருவான் என்று அவர் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டதாக ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தாராம். 1868இல் மன்னரை வரைய வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்.

நீர் வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும். அதனால்தான் கன்னத்தின் நிழலையும் பட்டுச் சேலையின் மினுமினுப்பையும் மெதுவாகக் குழைத்துக் கொண்டுவர முடிகிறது. எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது, எந்தப் பூச்சு காய்ந்த பின் அடுத்ததைத் தொடுவது என்பதெல்லாம் முடிந்த படத்தைப் பார்த்தால் தெரியாது. வரைபவரின் கையைப் பார்க்க வேண்டும். அரண்மனைக்குள் இருந்த பிள்ளைக்கே அந்தக் கையைப் பார்ப்பது இவ்வளவு சிரமம் என்றால், வெளியே இருந்தவர்களின் நிலை என்ன? ஆறுமுகம் பிள்ளையின் பெயரே ரவிவர்மாவின் கதையில் ஒரு வரியாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

நம் நாட்டிலும் உருவப்படக் கலைக்குப் பெரிய பெயர் உண்டு. போகோரில் பிறந்து, போருக்குப் பின் மலாயாவுக்கு வந்த ஹுசைன் எனாஸ் அரச குடும்பத்தினரை வரைந்தவர். மலேசியா உருவான காலத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனம் கேட்டுக்கொள்ள, இங்குள்ள பல இன மக்களின் முகங்களையும் வரைந்தார். ஆக, இங்கே வேலையும் இருந்தது, வேலை கொடுக்க ஆளும் இருந்தார்கள்.

நம் சமூகத்தில் இன்றும் வேலை இருக்கிறது. கும்பாபிஷேகம் வந்தால் கோபுரச் சிலைகளுக்கும் வண்ணத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை வரவழைக்கிறோம். அவர்கள் அருமையான வேலைக்காரர்கள். அவர்கள் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இங்கே தங்கி வேலை செய்துவிட்டு அவர்கள் விமானம் ஏறும்போது அந்த வித்தையும் கூடவே போய்விடுகிறது. அதே நேரத்தில், நான்காம் படிவத்தில் காட்சிக் கலையை எடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளிடம் "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறோம். கணக்கியல் எடுத்தவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

கோயில் நிர்வாகங்கள் ஒப்பந்தம் போடும்போது ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: வட்டாரத்து மாணவர்கள் இரண்டு பேருக்குப் பள்ளி விடுமுறையில் இடம் உண்டு என்று. அவர்களைச் சாரத்தில் ஏற்ற வேண்டாம். வண்ணம் கலக்கும் இடத்தில் நின்று பார்க்க விட்டால் போதும். ஜென்சன் அந்த அளவுக்காவது அனுமதித்தார்.