பேசாப் பெரும்பிழை

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில், லிட்டில் இந்தியா என்று வழங்கும் பகுதி பரப்பால் சிறிது, பழமையால் பெரிது. 1833இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் குயின் தெருவில் நிற்கின்றது. அதற்கும் முன்னர், 1801இல், இந்திய முசுலிம் வணிகர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கூப்பிடு தொலைவில் நிற்கின்றது. மார்க்கெட் தெருவில் நடப்பவர் செவியில் விழுவது தமிழ். மூக்கில் ஏறுவது மல்லிகையும் மசாலையும். தாலிக்கொடி முதல் கருமாதிப் பொருள் வரை தமிழர் வாழ்வுக்கு வேண்டுவன அனைத்தும் இங்கே கிடைக்கும். கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியைப் பற்றித் தமிழில் கூசாது பேசும் பேச்சே அது.

தமிழாசிரியரும் மாணவரும் பயிலும் கட்டுரைத் தொகுப்பில் இந்தப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்போர் இருப்பர். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன். இந்நோய் பரவுவதற்கு நாணம் துணை நிற்கின்றது. நாணத்திற்கு மௌனம் துணை நிற்கின்றது. அந்த மௌனத்தைப் பண்பாடு என்று பெயரிட்டுக் காத்து வருவோருள் தமிழாசிரியர் உலகம் முன்வரிசையில் இருக்கின்றது. இதுவே என் குற்றச்சாட்டு.

முதற்கண் உண்மைகளை நோக்குவோம். மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 பேர் புதிதாகப் பதிவாயினர். அவருள் பெரும்பாலோர் ஒரே ஊசியைப் பகிர்ந்து போதைப்பொருள் செலுத்திக்கொண்டவர்கள். 2010களில் இவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,300 என்னும் அளவிற்கு இறங்கியது. இறங்கியது கண்டு மகிழலாம். ஆனால் வழி மாறியதைக் காணாதிருத்தல் ஆகாது. இந்நாளில் புதிய தொற்றுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை உடலுறவின் வழியே நேர்கின்றன. தொற்றுக்கு ஆளாவோருள் ஆண்களே மிகுதி. பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். இவர்கள் யார்? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பறைகளில் அமர்ந்து ஆத்திசூடி ஒப்பித்த அகவையினர் அல்லரோ?

மருத்துவம் தன் கடமையைச் செய்துவிட்டது. நாள்தோறும் மருந்து உண்போரின் குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைகின்றது. அந்நிலை நீடிக்கும் வரை உடலுறவின் வழி அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது பெரும் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவிற்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்று பெற்ற முதல் நாடு நம் நாடே. மருந்து இருக்கின்றது, சோதனை இருக்கின்றது, அவ்விரண்டிற்கும் செல்லும் வாயிலில்தான் நாணம் காவல் நிற்கின்றது. சோதனைக்குச் செல்ல அஞ்சி நாள் கடத்துபவன் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனை சேர்கின்றான். இடைப்பட்ட காலத்தில் அறியாமலே பிறருக்கும் தந்துவிடுகின்றான்.

நோய்த்தடுப்புத் துறையினர் 'அதிக ஆபத்துக்குள்ளான பிரிவினர்' என்றொரு தொடரை வழங்குவர். ஊசிவழி போதைப்பொருள் கொள்வோர், பாலியல் தொழில் புரிவோர், ஆணோடு உறவு கொள்ளும் ஆடவர், திருநங்கையர் ஆகியோரை அத்தொடர் குறிக்கும். உதவி எங்கே முதலில் சேரவேண்டும் என்பதைக் காட்ட எழுந்த தொடர் அது. நம்மவர் வாயில் அதுவே வேலியாகிவிட்டது. வேலிக்கு அப்பால் 'அவர்கள்', இப்பால் நாம். அவர்களுக்கு வரும், நமக்கு வராது. இதனினும் கொடிய மூடநம்பிக்கை வேறுண்டோ? கிருமி குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்த ஊசி, தூய்மை ஆயப்படாத குருதி, மருத்துவம் பெறாத தாயின் கருவும் பாலும் ஆகிய இவையே அது அறிந்த வழிகள். உடன் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ, கொசுக் கடியாலோ அது பரவுவதில்லை. கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவியும் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றாள். அவளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

வேலி கட்டும் வழக்கம் புதிதன்று. பினாங்கு துறைமுக நகர். மனைவி மக்களை ஊரில் விட்டுக் கப்பலேறி வந்த ஆடவரின் உழைப்பால் வளர்ந்த நகர். தனித்த ஆடவர் திரண்ட இடத்தில் விலைமாதர் இல்லங்களும் பெருகின. பால்வினை நோயைத் தடுப்பதாகக் கூறி, பினாங்கையும் உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கில ஆட்சியினர் 1870இல் ஒரு சட்டம் இயற்றினர். அச்சட்டம் இல்லங்களைப் பதிவு செய்தது. பெண்களை மருத்துவ ஆய்விற்கு உட்படுத்தியது. அவ்வில்லங்களின் படியேறிய ஆடவரை எவரும் ஆயவில்லை. எதிர்ப்பு மிகவே, 1880களின் இறுதியில் சட்டம் நீங்கிற்று. ஆனால் அந்த மனப்பான்மை நீங்கியதா?

தமிழகத்திற்கு வருவோம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களின் குருதியைச் சேகரித்து ஆய்ந்தனர். அந்நோய் மேலைநாட்டாருக்கு உரியது, நம் மண்ணில் வேர்விடாது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஆறு பேரின் குருதியில் கிருமி இருந்தது. இந்திய நாட்டில் முதன்முதல் வெளிப்பட்ட சான்று அதுவே. பின்னர் நிகழ்ந்தது என்ன? தொற்றுக்காளான பெண்கள் காப்பகம் என்னும் பெயர் கொண்ட சிறைகளில் அடைபட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பின்னரே, 1990இல், உயர்நீதிமன்ற ஆணையால் அவர்கள் விடுதலை பெற்றனர். அவர்களிடம் சென்ற ஆடவர் எந்தக் காப்பகத்திலும் அடைபடவில்லை, வீடு திரும்பினர். 1870இல் பினாங்கில் கண்ட நீதியே நூறாண்டு கடந்து சென்னையிலும் வழங்கிற்று.

எனினும் தமிழகம் அதனோடு நின்றுவிடவில்லை. 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்னும் கற்பனைப் பாத்திரத்தைச் சுவரெங்கும் எழுதி, அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரையே கேட்க வைத்தது. நயமற்ற விளம்பரம் என்று குறை கூறினோர் உண்டு. ஆயினும் தேநீர்க் கடையில் பேசா நாவும் பேசிற்று. அதே தமிழ் நாவு இங்கே, இந்தத் தீவில், ஏன் கட்டுண்டு கிடக்கின்றது?

மறுப்போர் கூறும் காரணங்கள் மூன்று.

'இலக்கியம் பயிற்றும் இடத்தில் இழிபொருள் பேசலாமா?' என்பது முதலாவது. இவர்கள் எந்த இலக்கியத்தைப் பயின்றனர் என்று யான் வியக்கின்றேன். பரத்தையிற் பிரிவைத் தொல்காப்பியம் வெளிப்படையாகப் பேசுகின்றது. மருதத் திணையில், பரத்தையிடம் சென்று மீளும் தலைவனுக்குத் தலைவி கதவு திறக்க மறுக்கின்றாள். 'வாயில் மறுத்தல்' என்று அதற்குத் துறையே வகுத்தனர் நம் முன்னோர். மறுக்கும் உரிமையைச் சங்கப் பெண்ணுக்கு ஈந்த மொழியில், இன்றைய பெண் தன் கணவனிடம் 'சோதனை செய்துகொண்டீரா?' என வினவச் சொல் இன்றித் தவிக்கின்றாள். திருக்குறளில் 92ஆம் அதிகாரம் வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. இம்மூன்றையும் அடுத்து 95ஆவதாக வள்ளுவர் வைத்தது எதனை? மருந்தை. கடிந்துரைக்க வேண்டியதைக் கடிந்துரைத்தார், மறைத்துரைக்கவில்லை. உரைத்த பின்னர் மருத்துவனையும் மருந்தையும் நாடச் செய்தார். நாமோ கடிந்துரைப்பதை மட்டும் கற்றுக்கொண்டு, மருந்தை விட்டுவிட்டோம்.

'சொல்லிக் கொடுத்தால் செய்யத் தூண்டியது ஆகும்' என்பது இரண்டாவது. பாலியல் கல்வி இளையோரின் உடலுறவை மிகுவிப்பதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைக் கொண்டு நிறுவியுள்ளது. அயல்நாட்டுச் சான்று வேண்டாம் என்பார்க்கு உள்ளூர்ச் சான்றே உண்டு. 2006இல் தூய ஊசி வழங்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த மூன்று நகரங்களுள் பினாங்கும் ஒன்று. போதைக்கு ஊசியும் கொடுப்பதா என்ற கூக்குரல் அன்றும் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கிய மெத்தடோன் மருத்துவமும் இத்திட்டமும் சேர்ந்து என்ன செய்தன? ஒருகாலத்தில் தொற்றுகளின் பெரும்பகுதிக்குக் காரணமாயிருந்த ஊசிவழி இன்று மிகச் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. ஒழுக்கம் போதிப்போர் ஒதுங்கி நின்ற சந்துகளில், உதவியாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்ததன் பயன் அது.

'தவறு செய்தவன் தண்டனை பெறட்டும்' என்பது மூன்றாவது. தண்டனை நோயைக் குறைத்ததற்குச் சான்று எங்கே? ஆணும் ஆணும் கொள்ளும் உறவை நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கின்றது. அதனால் உறவு நின்றுவிடவில்லை. மருத்துவரிடம் உண்மை உரைப்பதுதான் நின்றுவிட்டது. லிட்டில் இந்தியாவின் உணவகங்களில் பரிமாறும் இளைஞர் பலர் தமிழகத்தினின்றும் ஒப்பந்தத்தில் வந்தோர். அயல்நாட்டுத் தொழிலாளர்க்குரிய மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தால் அவர் பணிக்குத் தகுதியற்றவர் ஆவர். வீடு திரும்ப வேண்டியதுதான். ஊரில் கடனும் இங்கே தனிமையுமாய் வாழும் அவ்விளைஞன், ஐயம் எழும்போது தானே முன்வந்து சோதனை கேட்பானா? அவனுக்குக் காதோடு காதாகத் தமிழில் வழி சொல்ல யார் இருக்கின்றார்? தண்டனையை விரும்புவோர் மணிமேகலையை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். கணிகையர் குலத்து மாதவியின் மகள் அவள். சிறைக்கோட்டத்தையே அவள் அறக்கோட்டம் ஆக்கினாள். சென்னைப் பெண்கள் அடைபட்ட காலத்தில் அக்காதையை எத்தனை வகுப்புகளில் நடத்தியிருப்பர்! கதையைத் தேர்வுக்குப் படித்தனர். கருத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தினர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு உடல்நலம் பற்றிப் பேசச் சுகாதாரத் தாதி ஒருவரை அழைக்கலாம் என்று கூறினேன். 'பெற்றோர் ஒப்பமாட்டார்கள்' என்று விடை வந்தது. 'எந்தப் பெற்றோரைக் கேட்டீர்கள்?' என்று வினவினேன். ஒருவரையும் கேட்டிலர். கேளாமலே மறுப்பதுதான் இத்துறையில் நம் மரபாகிவிட்டது.

ஆசிரியப் பெருமக்களே, செய்ய வேண்டுவன சிலவே. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறாருக்கு உடலுறுப்புகளின் பெயரைக் கூசாது கற்பியுங்கள். தன் உடல் தன்னுடையது என்பதையும், தகாத தொடுதலை எவரிடம் முறையிடுவது என்பதையும் கற்பியுங்கள். பெயர் அறியாத உறுப்புக்கு நேர்ந்த தீங்கைக் குழந்தை எவ்வாறு எடுத்துரைக்கும்? இடைநிலைப்பள்ளியில் தமிழ் பயிற்றுவோர், நோய் பரவும் வழி, ஆணுறையின் பயன், சோதனை, மருந்து ஆகியவற்றைக் கட்டுரைப் பயிற்சிக்குப் பொருளாக்குங்கள். நலக்கல்வி மலாய் மொழியில் நடக்கின்றதே என்று அமையாதீர். தேர்வுக்குரிய சொல் எம்மொழியிலும் இருக்கலாம். அச்சத்தைச் சொல்லும் சொல் தாய்மொழியில் இருத்தல் வேண்டும். 'எய்ட்ஸ்காரன்' என்னும் இழிசொல்லை வகுப்பில் கேட்டால் திருத்துங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தும் அதே கண்டிப்போடு திருத்துங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. ஐயம் எழுந்தால் அரசாங்கச் சுகாதார நிலையம் செல்லுங்கள். தொற்று நேர்ந்த மறுநாளே சோதனை காட்டிவிடாது. சில வாரங்கள் கழியவேண்டும், மூன்று திங்களில் ஐயம் முற்றும் தெளியும். ஆபத்தான நிகழ்வு நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைந்தால், தொற்றைத் தடுக்கும் மருந்தும் உண்டு. இச்செய்தியை உங்களுள் எத்தனை பேர் இதற்கு முன் தமிழில் கேட்டிருப்பீர்கள்? கேட்டிலீர் எனின், பிழை உங்களுடையது அன்று. உங்களுக்குத் தமிழ் கற்பித்தவர்களுடையது.

தமிழ் வாழ்க என்று மேடைதோறும் முழங்குகின்றோம். தமிழ் வாழ்வதற்குத் தமிழ் பேசும் இளைஞன் உயிரோடு இருக்க வேண்டும். அவனைக் காக்கும் சொல்லை அவனுக்குத் தர மறுக்கும் ஆசிரியர், எத்தனை இலக்கணம் கற்பித்தாலும், கற்பிக்க வேண்டியதைக் கற்பித்தவர் ஆகார்.