‘முடிக்கப்பட்டது’ என்னும் கணக்கு

குழந்தைகள் பாதுகாப்புச் சீர்திருத்தங்களால் விளைந்த பயன் யாது எனக் கேட்டால், அரசுகள் விரைவு நீதிமன்றங்களின் எண்ணிக்கையையும் முடிக்கப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையையும் விடையாகத் தருகின்றன. கேரளத்தின் தமிழக எல்லையோர மாவட்டங்கள் இரண்டு இந்த விடையை ஏற்க மறுக்கின்றன.

பாலக்காடு மாவட்டம் வாளையாரில் 2017 சனவரி 13 அன்று 13 வயதுச் சிறுமி தூக்கில் இறந்து கிடந்தாள். உடற்கூறாய்வு பாலியல் வன்முறைக்கான அறிகுறிகளைச் சுட்டியது. மார்ச் 4 அன்று, அதே வீட்டில், 9 வயதுத் தங்கையும் அவ்வாறே இறந்தாள். இடைப்பட்ட ஏழு வாரங்களில் போக்சோ சட்டம் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் இருந்தது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் இருந்தது. தங்கைக்கு அவற்றால் கிடைத்த காப்பு எது? 2019-இல் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் போக்சோ நீதிமன்றம் விடுவித்தது. 2021 சனவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது.

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றின் தோட்ட லயத்தில் 2021 சூன் 30 அன்று ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். 2023 டிசம்பரில் கட்டப்பனை விரைவு நீதிமன்றம், புலனாய்வின் குறைகளைச் சுட்டிக் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது.

சான்று போதாதபோது விடுவிப்பது நீதிமன்றத்தின் கடமை, குறை அதிலன்று. தண்டனையும் விடுதலையும், செம்மையான புலனாய்வும் சிதைந்த புலனாய்வும் ஒரே ‘முடிக்கப்பட்டது’ என்னும் கட்டத்தில் வரவு வைக்கப்படுவதே குறை. அக்கணக்கில் இவ்விரு தீர்ப்புகளும் சாதனைகளே!

அளக்க வேண்டியவை வேறு. முதல் அறிகுறி பதிவான நாளுக்கும் அவ்வீட்டின் பிற குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கிட்டிய நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? தீர்ப்புக்குப் பின் அக்குடும்பம் எவ்வாறு வாழ்கிறது? இழப்பீடு எப்போது கிடைத்தது? குழந்தையின் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியைப் போக்சோ சட்டத்தின் 26, 38-ஆம் பிரிவுகள் அனுமதிக்கின்றன. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களின் தமிழ்க் குழந்தைகளுள் எத்தனை பேருக்கு அவ்வுதவி கிட்டியது?

சட்டத்தின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை 44-ஆம் பிரிவு குழந்தைகள் உரிமை ஆணையங்களிடம் ஒப்படைத்துள்ளது. ஆதலால் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டவாரியாக இவ்வினாக்களுக்கான விடைகளை, குழந்தைகளின் அடையாளத்தை மறைத்து, ஆண்டுதோறும் ஆணையங்கள் வெளியிட வேண்டும். ஆய்வுலகமும் நீதிமன்றங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவ்விடைகளைக் கேட்டுப் பெற வேண்டும்.